பழைய ரிம்மில் டியூப்லெஸ்: மாற்றலாமா, விட்டுவிடலாமா?

சைக்கிளை டியூப்லெஸ் ஆக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் டயரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். எந்த டயர், ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் எது, அதை எத்தனை மி.லி. ஊற்றுவது என்று. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு டயர்களையும் ஒரு குளியலறைச் சுவரையும் பாழாக்கிய பிறகுதான் தெரிந்தது, முதலில் பார்க்க வேண்டியது ரிம் என்று. டயரைக் கழற்றி, உள்ளே ஓடும் ரப்பர் பட்டையை எடுத்துவிட்டு, ரிம்மின் உள்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

ஸ்கூட்டரிலும் காரிலும் டியூப்லெஸ்ஸைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் என்ன பெரிய சிக்கல் என்று தோன்றும். அங்கே டயர் கனமானது, உள்பக்கம் காற்று ஊடுருவாத ரப்பர் அடுக்கு உண்டு. மாட்டிக் காற்றடித்தால் வேலை முடிந்தது. சைக்கிளிலும் முதலில் அதே வழியைத்தான் முயன்றார்கள். 1999-இல் மாவிக் நிறுவனம், ஹட்சின்சன், மிஷெலின் என்ற டயர் நிறுவனங்களோடு சேர்ந்து மலைச் சைக்கிள்களுக்குக் கொண்டுவந்த யுஎஸ்டி முறையில் ரிம்மின் உள்சுவரில் ஸ்போக் ஓட்டையே கிடையாது. டயரும் சீலன்ட் இல்லாமலே காற்றைப் பிடித்து வைத்தது. நன்றாகத்தான் இருந்தது, எடைதான் கூடிப்போனது. அப்புறம் வந்ததுதான் இன்று பரவலாக இருக்கும் வழி: டயரை மெல்லியதாகச் செய்வது, ஸ்போக் ஓட்டைகளை டேப்பால் மூடுவது, மிச்சக் கசிவை ரப்பர் பால் கலந்த சீலன்ட்டின் பொறுப்பில் விடுவது. டயரில் ‘டியூப்லெஸ் ரெடி’ என்று எழுதியிருப்பதற்கு இதுதான் பொருள். அது தயாராக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். தயார் செய்ய வேண்டியது நீங்கள்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? முதலாவது, முள். நெருஞ்சி முள்ளோ கண்ணாடிச் சில்லோ குத்தினால் வெளியேறும் காற்றோடு சீலன்ட்டும் ஓட்டைக்கு ஓடி, அங்கேயே கட்டிக்கொண்டு அடைத்துவிடும். பல சமயம் பஞ்சர் ஆனதே தெரியாது. வீட்டுக்கு வந்து டயரைத் துடைக்கும்போதுதான் வெள்ளைப் பொட்டு கண்ணில் படும். இரண்டாவது, பாம்புக்கடி. கல்லிலோ குழி விளிம்பிலோ ஏறும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழுமே, அது. டியூப்பே இல்லாதபோது நசுங்க ஒன்றுமில்லை. அதனால் காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டலாம். 40 மி.மீ. டயரில் டியூப்போடு 45 பிஎஸ்ஐ வைத்திருந்தவர் 35 வரைக்கும் இறங்கலாம். கரடுமுரடான பாதையில் கைக்கும் முதுகுக்கும் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

எடை குறையும் என்று சொல்வதை மட்டும் பாதி நம்புங்கள். 29 அங்குல மலைச் சைக்கிளின் சாதாரண டியூப் ஏறக்குறைய 200 கிராம். அதற்குப் பதில் 100 மி.லி. சீலன்ட், டேப், வால்வு என்று போட்டால் கொஞ்சம் லாபம் உண்டு. சாலைச் சைக்கிளிலோ டியூப்பே 100 கிராம்தான். டியூப்லெஸ் டயர் சாதாரண டயரைவிடக் கனமாக இருப்பது வழக்கம் என்பதால் கூட்டிக் கழித்தால் கையில் ஒன்றும் நிற்காது.

டியூப்போடு இருந்துவிடுவது

இதை ஒரு தேர்வாகவே யாரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டும் என்பது என் கட்சி. தார்ச்சாலையில் மட்டும் ஓட்டி, மாதத்துக்கு ஒரு பஞ்சர்கூட ஆகாதவருக்கு டியூப்லெஸ் தீர்த்துவைக்கும் பிரச்சினையே இல்லை. டியூப் மாற்றக் கால் மணி நேரம் போதும், கை அழுக்காவதோடு சரி. தரைபடும் பகுதியில் தடிமனான தடுப்புப் பட்டை வைத்த டயரை மாற்றிப் போட்டாலே முள் தொல்லை வெகுவாகக் குறையும். உருளும் வேகம் சற்று மந்தமாகும், அவ்வளவுதான்.

டியூப்பிலும் வகை உண்டு. லேடெக்ஸ் டியூப் நன்றாக உருளும், ஆனால் ஒரே இரவில் காற்று இறங்கிவிடும், தினமும் பம்பு பிடிக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் போல இருக்கும் டிபியூ டியூப் சாலை அளவுக்கு 35, 40 கிராம்தான் வரும். உள்ளங்கையில் அடங்கிவிடும் என்பதால் அவசரத்துக்குப் பையில் போட்டுக்கொள்ள இதைவிடச் சிறந்தது இல்லை. வெளியே வைத்துப் பரிசோதிக்கிறேன் என்று அதில் நிறையக் காற்றடித்தால் நீண்டுபோய்த் திரும்பாது. ரிம்மில் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளில், நீண்ட இறக்கத்தில், ரிம்மின் சூடு சில டிபியூ டியூப்களுக்கு ஒத்துக்கொள்ளாது. உறையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நடுவில் இன்னொரு வழி இருக்கிறது: வால்வின் உள்ஊசியைக் கழற்ற முடிகிற டியூப்பாகப் பார்த்து வாங்கி, அதற்குள்ளேயே சீலன்ட்டை ஊற்றுவது. முள் குத்தினால் அடைக்கும், பாம்புக்கடிக்கு உதவாது. அழகான தீர்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரிம் இடம் கொடுக்காதவர்களுக்குச் சேதாரம் இல்லாத வழி இதுதான். நான் இதில் ஆரம்பித்திருந்தால் சுவர் தப்பித்திருக்கும்.

பழைய ரிம்மில் டேப் ஒட்டிப் பார்ப்பது

சரி, பாழாக்கிய கதைக்கு வருகிறேன். டியூப்லெஸ்ஸுக்கென்று செய்த ரிம்மின் குறுக்குவெட்டை மனதில் வரைந்துகொள்ளுங்கள். நடுவில் ஒரு பள்ளம். அதன் இருபுறமும் சமமான திண்ணை. டயரின் ஓரத்தில் ஓடும் பீட் வளையம் காற்றழுத்தத்தில் பள்ளத்திலிருந்து ஏறி அந்தத் திண்ணையில் உட்காரும். திண்ணையின் உள்விளிம்பில் சின்ன மேடு ஒன்று இருக்கும். உட்கார்ந்த பீட் மறுபடி பள்ளத்துக்குள் சரியாமல் அது தடுக்கும். பழைய ரிம்மில் பெரும்பாலும் இந்த மேடு இருக்காது. திண்ணை சரிவாகவோ இல்லாமலோ இருக்கும். ஒற்றைச் சுவர் ரிம், இரும்பு ரிம் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள், அதில் முயல்வது வீண். இரட்டைச் சுவர் அலுமினிய ரிம்மில்தான் ஆசை வரும். எனக்கும் வந்தது.

டேப்பிலேயே முதல் தோல்வி. ரிம்மின் உள்ளகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. அகலமான டேப் வேண்டும், அப்போதுதான் பள்ளத்தில் இறங்கி இரண்டு பக்கச் சுவர் வரைக்கும் ஏறி ஒட்டும். கையில் இருந்த குறுகலான டேப்பை ‘இது போதும்’ என்று ஒட்டினேன். பீட் ஏறும்போது டேப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. காற்று டேப்புக்கு அடியில் புகுந்து, ஸ்போக் ஓட்டை வழியாக ரிம்முக்குள் போய், வால்வு ஓட்டையின் ஓரமாகவும் ரிம்மின் இணைப்பிலும் வெளியே வந்தது. சோப்பு நீர் தடவிப் பார்த்தால் எல்லா இடத்திலும் குமிழ். எங்கே கசிகிறது என்று தேடியதில் ஒரு மாலை போனது. வெளியேறும் இடம் வேறு, கசியும் இடம் வேறு என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஸ்போக்கை ரிம்மோடு பிணைக்கும் நிப்பிளின் அடியில் குமிழ் வந்தால் நிப்பிளைக் குறை சொல்லிப் பயனில்லை, டேப்தான் எங்கோ தூக்கியிருக்கிறது.

இரண்டாம் முறை சரியான அகலத்தில் டேப் வாங்கி, ரிம்மை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக இழுத்துப் பிடித்து இரண்டு சுற்று ஒட்டினேன். வால்வுக்காகக் கத்தியால் கீறினேன். கீறல் வால்வைவிடப் பெரிதாகிவிட்டது. மறுபடி உரி, மறுபடி ஒட்டு. கூரான ஊசியைச் சூடாக்கிச் சின்ன ஓட்டை போட்டு, வால்வையே உள்ளே அழுத்தி அது தன் அளவுக்கு விரித்துக்கொள்ள விடுவதுதான் சரியான வழி.

அப்புறம் பம்பு. காலால் மிதித்துப் பிடித்து, கையால் அடிக்கும் சாதாரணப் பம்பில் பழைய ரிம்மில் பீட்டை ஏற்றுவது பெரும்பாடு. அடிக்கிற காற்றைவிட ஓரத்தில் தப்பிக்கிற காற்று அதிகம். வால்வின் உள்ஊசியைக் கழற்றிவிட்டு அடித்தால் காற்று வேகமாகப் போகும். டயரின் ஓரமெல்லாம் சோப்பு நீர் தடவினால் பீட் வழுக்கி ஏறும். அகல டயர் என்றால் சுற்றளவு முழுவதும் ஒரு பெல்ட்டைக் கட்டி இறுக்கினால் ஓரங்கள் வெளிப்பக்கம் விரிந்து ரிம்மைத் தொடும். எல்லாவற்றையும்விட எனக்குக் கைகொடுத்தது வேறொரு வித்தை: முதலில் டியூப்போடு மாட்டிக் காற்றடித்து இரண்டு பீட்டையும் உட்கார வைத்துவிட வேண்டும். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் மெல்ல இறக்கி டியூப்பை உருவிவிட்டால், மறுபக்கம் உட்கார்ந்தபடியே இருக்கும். ஒரு பக்கத்தை ஏற்றினால் போதும். மடித்து விற்கும் டயரை ஓர் இரவு இப்படி டியூப்போடு விட்டுவைத்தால் மடிப்புச் சுருக்கமும் போய்விடும்.

ஏறியது. ‘டப், டப்’ என்று இரண்டு சத்தம். அதைக் கேட்டபோது வந்த சந்தோஷத்தில்தான் அடுத்த தப்பைச் செய்தேன். அந்த டயர் டியூப்லெஸ் டயர் இல்லை. சாதாரண டயரின் பீட் காற்றழுத்தத்தில் கொஞ்சம் நீளக்கூடியது. டியூப் இருக்கும்வரை அது பெரிய விஷயமாகாது. டியூப்லெஸ் டயரின் பீட் நீளாதபடி கெட்டியான நாரால் செய்யப்பட்டது. இந்த வேறுபாட்டை நான் படித்திருந்தேன், ‘குறைந்த அழுத்தம்தானே’ என்று தள்ளிவிட்டேன். காற்று நிற்கிறதா என்று பார்க்கச் சக்கரத்தைக் குளியலறையில் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். நள்ளிரவில் வெடிச் சத்தம். டயர் ரிம்மை விட்டு எகிறியிருந்தது. 60 மி.லி. சீலன்ட்டும் சுவரில், கூரையில், வாளியில். காலையில் மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “சுண்ணாம்பு அடிக்கறதுன்னா சொல்லிட்டு அடிக்கக் கூடாதா?” என்று கேட்டார். காய்ந்த ரப்பர் பாலைச் சுரண்டி எடுப்பது தனிக் கலை, அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

இதுவே ஓடும்போது நடந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். அதோடு சாதாரண டயரை டியூப் இல்லாமல் போடுவதை நிறுத்திவிட்டேன்.

பிறகு அதே ரிம்மில் சரியான டியூப்லெஸ் டயரைப் போட்டேன். அது நின்றது, பல வாரம் ஓட்டவும் செய்தேன். ஆனால் ஒரு சோதனை செய்து பார்த்ததில் மனம் மாறிவிட்டது. நீங்களும் செய்து பாருங்கள்: பீட் உட்கார்ந்த பிறகு காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, டயரைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். சரியான ரிம்மில் பீட் அசையாது, பலமாக அழுத்தினால்தான் பள்ளத்தில் விழும். என் ரிம்மில் காற்று போன அந்த நொடியே தானாக விழுந்தது. ஓடும்போது பெரிய ஓட்டை விழுந்து காற்று சட்டென்று இறங்கினால், வளைவில் டயர் ரிம்மைப் பிடித்துக்கொண்டிருக்காது என்று பொருள். பழைய ரிம்மில் டேப் ஒட்டுவதை நான் பரிந்துரைக்காததற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பிளந்த டியூப் முறை என்று இன்னொன்று உண்டு. சக்கரத்தைவிடச் சின்ன அளவு டியூப்பை, 26 அங்குலச் சக்கரத்துக்கு 20 அங்குல டியூப்பை, ரிம்மில் இழுத்து மாட்டி, வெளிப்பக்கம் நீளவாக்கில் கத்தரித்து, இரண்டு ஓரங்களையும் ரிம்முக்கு வெளியே மடித்துவிட வேண்டும். அதன்மேல் டயரை மாட்டிக் காற்றடித்த பிறகு வெளியே தொங்கும் ரப்பரை வெட்டிவிடுவார்கள். டேப்பும் வேண்டாம், தனி வால்வும் வேண்டாம், ரப்பரே பிடிப்பைத் தருவதால் பீட் ஏறுவதும் எளிது. பழைய மலைச் சைக்கிளில், குறைந்த அழுத்தத்தில், டேப் முறையைவிட இது எனக்கு நாணயமாகவே படுகிறது. எடையில் ஆதாயம் கிடையாது. வழியில் டயரைக் கழற்ற வேண்டி வந்தால் அந்த ரப்பர் ஓரத்தை மறுபடி சரியாக மடித்து வைப்பது நடக்கிற காரியம் இல்லை.

அதற்கென்றே செய்த ரிம்

இங்கே சொல்ல அதிகம் இல்லை, அதுவே இதன் சிறப்பு. டேப் ஒட்டி, வால்வை மாட்டி, டயரைப் போட்டு அடித்தேன். நல்ல பம்பிலேயே ஏறிவிட்டது. காற்றை இறக்கினாலும் பீட் நகரவில்லை. உள்ஊசியைக் கழற்றி, ஊசிமருந்துக் குழல் மாதிரி ஒன்றால் வால்வு வழியாகவே சீலன்ட்டை ஏற்றினேன், ஒரு சொட்டுக்கூடத் தரையில் விழவில்லை. மெல்லிய சாலை டயருக்கு 30, 40 மி.லி.; 40 மி.மீ. அகலத்துக்கு 60, அகலமான மலைச் சைக்கிள் டயருக்கு 100 வரை. ஊற்றியதும் சக்கரத்தைச் சுற்றிக் குலுக்கி, ஒவ்வொரு பக்கமாகப் படுக்க வைக்க வேண்டும், பக்கச் சுவரின் நுண்துளைகள் அப்போதுதான் அடைபடும். வால்வின் திருகை விரலால் மட்டும் இறுக்குங்கள். இடுக்கியால் இறுக்கினால் வழியில் கழற்ற முடியாது. முதல் இரண்டு மூன்று நாள் காற்று கொஞ்சம் இறங்கும், பயப்பட வேண்டாம்.

ரிம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பக்கச் சுவரின் உச்சியில் டயரைப் பிடிக்க உள்நோக்கி வளைந்த கொக்கி உள்ள ரிம் ஒரு வகை. கொக்கியே இல்லாமல் நேராக நிற்பது இன்னொரு வகை. கொக்கியில்லாத ரிம்மில் 5 பார், அதாவது ஏறத்தாழ 72 பிஎஸ்ஐதான் உச்சவரம்பு. அதிலும் அந்த ரிம்மைச் செய்தவர்கள் அனுமதித்த டயர் பட்டியலுக்கு வெளியே போகக் கூடாது. 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் சைக்கிள் பந்தயத்தில் தாமஸ் டி கெண்ட் என்ற வீரர் விழுந்தபோது டயர் கொக்கியில்லாத ரிம்மை விட்டுக் கழன்று கிடந்த காட்சி பெரிய விவாதத்தைக் கிளப்பியது. குறைந்த அழுத்தத்தில் ஓடும் மலைச் சைக்கிளுக்கு இதைப் பற்றிக் கவலை வேண்டாம். மெல்லிய டயரில் அதிகக் காற்றடித்து ஓட்டுகிறவர் கொக்கி உள்ள ரிம்மையே வாங்குவது நல்லது என்பேன்.

மாட்டிய பிறகு

சீலன்ட் காய்ந்துபோகும். வெயிலையும் தயாரிப்பையும் பொறுத்து இரண்டு முதல் ஆறு மாதம். காய்ந்தது தெரியாமல் ஓட்டினால் உங்களிடம் இருப்பது டியூப்பும் இல்லாத, சீலன்ட்டும் இல்லாத சக்கரம். சைக்கிளைக் குலுக்கிக் கேளுங்கள், உள்ளே சளசளவென்று ஒலித்தால் சரி. மாதக்கணக்கில் நிற்கும் சைக்கிளில் சீலன்ட் அடியில் தேங்கி உருண்டை கட்டிவிடும். மாதம் ஒருமுறை ஓட்டுகிறவருக்கு டியூப்லெஸ் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். வால்வின் உள்ஊசியும் ரப்பர் பால் ஒட்டி அடைத்துக்கொள்ளும். காற்றடிக்கும்போது வால்வு அடியில் இல்லாதபடி சக்கரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டால் இது குறையும். ஏதாவது ஒரு ஸ்போக் நிப்பிளை மாற்ற வேண்டி வந்தால் டயர், சீலன்ட், டேப் எல்லாம் வெளியே வரும். சின்ன கார்பன்-டை-ஆக்சைடு உருளையில் காற்றடிப்பவர்கள் கவனியுங்கள், அந்தக் குளிர்ந்த வாயு பட்டால் பல ரப்பர் பால் சீலன்ட்கள் திரிந்து கட்டியாகிவிடும்.

வழியில் பெரிய ஓட்டை விழுந்தால்? சில மில்லிமீட்டரைத் தாண்டிய கிழிசலை சீலன்ட் அடைக்காது. ஒட்டும் ரப்பர் திரியை அதற்கான ஊசியில் கோத்துக் குத்தி அடைக்கலாம், டயரைக் கழற்றவே வேண்டாம், ஒரு நிமிட வேலை. அதுவும் பலிக்கவில்லை என்றால் பழைய நண்பர் டியூப்தான். டியூப்லெஸ் வைத்திருப்பவரும் பையில் ஒரு டியூப் வைத்திருக்க வேண்டும். ஒருமுறை அப்படி டியூப்பைப் போட்டேன், இருநூறு மீட்டர்கூடப் போகவில்லை, காற்று போய்விட்டது. டயரின் உள்ளே விரலை ஓட்டியபோதுதான் புரிந்தது. மாதக்கணக்கில் சீலன்ட் அடைத்து மறைத்த முட்கள் அத்தனையும் உள்ளேயே நீட்டிக்கொண்டிருந்தன. பதினொன்று எண்ணினேன். ஒவ்வொன்றையும் பிடுங்கிய பிறகுதான் இரண்டாவது டியூப் தாங்கியது. பதினொரு பஞ்சரை நான் உணராமலே கடந்திருக்கிறேன் என்று சந்தோஷப்படுவதா, சாலையோரம் உட்கார்ந்து முள் பிடுங்குவதற்கு வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

யாருக்கு எது

ரிம்மும் டயரும் டியூப்லெஸ் ரெடி, வாரம் இரண்டு மூன்று நாளாவது ஓட்டுகிறீர்கள், பாதையில் முள்ளோ கல்லோ உண்டு என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். முதல் நாள் அவஸ்தை அதன்பின் மறந்துபோகும். சாலையில் மட்டும் மெல்லிய டயரோடு ஓட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். நல்ல டயரும் டிபியூ டியூப்பும் போதும். ரிம் பழையது, முள் தொல்லை உண்மை என்றால் டியூப்புக்குள் சீலன்ட்டை ஊற்றி ஓட்டிக்கொண்டே புதுச் சக்கரத்துக்குச் சேர்த்து வையுங்கள். பழைய ரிம்மை டேப்பால் மிரட்டிப் பணிய வைக்கும் வழியை மட்டும் விட்டுவிடுங்கள். பழைய மலைச் சைக்கிளும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் சும்மா கிடக்கின்றன என்றால், பிளந்த டியூப்பை விளையாட்டாகச் செய்து பார்க்கலாம்.

இரண்டு சக்கரத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்றும் இல்லை. எடையில் பெரும்பங்கைச் சுமப்பதும் அதிகம் பஞ்சர் ஆவதும் பின் சக்கரம்தான், அதை மட்டும் முதலில் மாற்றிப் பார்க்கலாம். நான் அப்படித்தான் செய்தேன். முன் சக்கரத்துக்கென்று வாங்கிய டேப்பும் வால்வும் அலமாரியில் ஒன்றரை வருடமாகக் கிடக்கின்றன. முன் சக்கரத்தில் இருக்கும் டியூப் இன்னும் ஒருமுறைகூடப் பஞ்சர் ஆகவில்லை.